கசிந்துபோன கடைசி அத்தியாயங்கள்

விற்பனைப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருநாள் காலையில் என் கைப்பேசிக்கு ஒரு கோப்பை அனுப்பி, "மேடம், இது நம்ம புக்குதானே?" என்று கேட்டார். திறந்து பார்த்தேன். எங்கள் புத்தகம்தான். இன்னும் அச்சுக்குப் போகாத நாவல் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை அப்படியே இருந்தது. தம்பிக்கு அதை அனுப்பியவள் அவருடைய அக்கா மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில் பாதிப் பேரிடம் அது இருக்கிறது என்று சொன்னாளாம்.

பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவம் எதையாவது சொல்லும்படி கேட்டார்கள். பிழை திருத்துவதையும் அட்டை தேர்வு செய்வதையும் நீங்கள் செய்து செய்து பழகிக்கொள்வீர்கள். அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. இந்த ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்று காட்பாடியில் வீட்டோடு இருந்தபோது, "இந்த வரிசையோட கடைசிப் புத்தகத்தை மட்டும் முடிச்சுக் குடுங்க" என்று பதிப்பாளர் கேட்டதால் என் கைக்கு வந்த வேலை இது. புத்தகம் இன்னும் சில வாரங்களில் கடைக்கு வரும். அதற்கு முன்னால் நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

எழுதியவர் மெஹருன்னிஸா. நாங்கள் மெஹர் என்று கூப்பிடுவோம். பேரணாம்பட்டுக்காரர், முப்பதைக் கடந்தவர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். வீட்டில் அம்மாவோடு பேசுவது உருது, எழுதுவது தமிழ். சில வருடங்களுக்கு முன்னால் அவருடைய முதல் நாவல் எனக்கு மின்னஞ்சலில் வந்தது. கூடவே இரண்டே வாக்கியங்கள்: "படித்துப் பாருங்கள். மொத்தம் மூன்று புத்தகமாக வரும்." கெஞ்சலும் இல்லை, தன்னைப் பற்றிய அறிமுகமும் இல்லை. எழுதுகிறவருக்கு இவ்வளவு உறுதி இருந்தால் ஒன்று படுமோசமாக இருக்கும், இல்லையென்றால் பிரமாதமாக இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு எது என்று தெரிந்துவிட்டது.

பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் மணல்தான். மெஹர் அந்த மணலிலிருந்து ஓர் உலகத்தைக் கட்டியிருந்தார். அவர் கதையில் ஆறு ஒருநாள் மணலுக்குள் இறங்கிப் போய், கீழே தனக்கென்று ஓர் ஊரை உண்டாக்கிக்கொள்கிறது. அங்கே போவதற்கு மணலில் ஒரு கதவு. அதன் வழியாக இறங்குகிறவர்கள் தங்களுடையது ஏதாவது ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். நிழலை விட்டவர்கள் உண்டு, பெயரை விட்டவர்கள் உண்டு. பதினைந்து வயதுச் செம்பி தன் சிரிப்பை விட்டுவிட்டு இறங்குகிறாள். ஆற்றை மறுபடி மேலே கூட்டிவர வேண்டும் என்பது அவள் எண்ணம். கதவைக் காப்பவர்கள் உப்புக்காவலர்கள். அவர்களுக்கும் அவளுக்கும் நடப்பதுதான் முதல் இரண்டு புத்தகங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவற்றைக் கிழியக் கிழியப் படித்தார்கள்.

இவ்வளவையும் மெஹர் எழுதியது கம்பெனி பஸ்ஸில். காலையில் பேரணாம்பட்டில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அவருடைய இடம். கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே வருவார். சாயங்காலம் திரும்பும்போது காலையில் எழுதியதை அதே பஸ்ஸில் சத்தமாகப் படிப்பார். கேட்பவர்கள் அவருடைய லைனில் வேலை செய்யும் பெண்கள். எல்லோரும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். ஒருமுறை அவரோடு அந்த பஸ்ஸில் வந்தேன். பேரணாம்பட்டை நெருங்கும்போது தோல் மண்டிகளின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை, யாரும் கைப்பேசியை எடுக்கவும் இல்லை.

"போன எடுத்தாங்கன்னா அந்த இடம் சவசவன்னு இருக்குதுன்னு அர்த்தம் மேடம்" என்றார் மெஹர். "மறுநாள் காலைல அத வெட்டிடுவேன்."

அப்போது ஒரு பெண் இறங்கப் போன இடத்தில் படியிலேயே நின்றுகொண்டு, "அக்கா, அந்த உப்புக்காவலன் செத்தானா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க. ராத்திரிக்கு சோறு எறங்காது" என்றாள். டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. அந்தப் பெண்தான் ரேவதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னட்டைக்காக நான் மெஹரிடம், "தோலில் குறை கண்டுபிடிக்கிற கண்ணுதான் கதையிலும் உதவுதுன்னு போடலாமா?" என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம் மேடம். ஷூ வேலை ஷூ வேலைதான். அங்க பாஸ் ஆகாதத தள்ளிடுவோம். கதைல பாஸ் ஆகாததுதான் ஜாஸ்தி நல்லாருக்கும்." அந்த வாசகத்தை எடுத்துவிட்டேன். எழுத்தாளரைப் பற்றி நமக்கு வசதியான ஒரு படத்தை வரைந்து அதற்குள் அவரை உட்காரவைக்க ஆசைப்படாதீர்கள்.

இனி கசிந்த கதைக்கு வருகிறேன்.

மெஹரைச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். நானும் போனேன். பதிப்பாளர் நல்ல மனிதர். ஆனால் அன்று அவர் முகம் இறுகியிருந்தது. பள்ளி நூலகங்களிலிருந்து, பிள்ளைகள் எல்லோரும் படித்து முடித்துவிட்ட புத்தகத்தை நாங்கள் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கிடைத்த வேகத்தில் அச்சடித்துக் கடைக்கு அனுப்புவது. இரண்டு, சைபர் கிரைமில் புகார் கொடுப்பது. இரண்டையும் செய்துவிடலாம் என்று நினைத்தார்.

"இந்தக் கோப்பு யார்கிட்ட எல்லாம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"உங்ககிட்ட, மேடம்கிட்ட, என்கிட்ட" என்றார் மெஹர். "அப்புறம் நான் இன்னொருத்தருக்குக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"அது வேணாம் சார். குடுத்தது நான். தப்பு என்னோடது."

"அம்மா, ஒப்பந்தத்துல இருக்கு. வெளியாளுக்குக் காட்டக் கூடாது. நீங்க பேர் சொல்லலன்னா உங்க மேலதான் வரும்."

"வரட்டும் சார்" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் மடியில் வைத்திருந்த பையின் வாரை அவர் கை இறுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கம்பெனியில் லீவு தர மாட்டோம் என்று சொல்லியும் வந்திருந்தார். வேலை, புத்தகம் இரண்டுமே கையைவிட்டுப் போகலாம் என்ற நிலையில் உட்கார்ந்திருந்த பெண் அவர்.

அந்த அறையில் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். புகாருக்கும் அச்சுக்கும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று பதிப்பாளரிடம் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "படிச்ச பிள்ளைங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். அப்போது எனக்கு வேறு எந்தக் காரணமும் தோன்றவில்லை. நெருக்கடி வந்தால் எல்லோரும் முதலில் ஆளைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் புத்தகத்தைப் பார்க்க ஒருவராவது வேண்டும். அது பதிப்பாசிரியரின் வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் ரயிலில் நான் பெயரைக் கேட்கவில்லை. அரக்கோணம் தாண்டியதும் அவராகவே சொன்னார்.

ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அரக்கோணம். வேலையை விட்டு நின்ற அன்று பஸ்ஸில் மெஹரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முடிவு மட்டும் தெரியாம போறேன் அக்கா. அங்க போனா எப்ப படிப்பேனோ" என்று சொன்னாளாம். கல்யாணப் பரிசாக மெஹர் முழு நாவலையும் அவளுக்கு அனுப்பிவிட்டார். படித்துவிட்டு யாரிடமாவது அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாமல் ரேவதி அதைத் தன் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பினாள். பிறகு அது யார் கையிலும் நிற்கவில்லை. தங்கையே பயந்துபோய் மெஹரிடம் ஒப்புக்கொண்டாளாம்.

"புகார் குடுத்தா போலீஸ் மொதல்ல அவ வூட்டுக்குத்தான் போவும் மேடம்" என்றார் மெஹர். "புது மாமியார் வூடு. போலீஸ் வந்து கதவ தட்டுனா அவ கதி இன்னாவுறது?"

 பேச்சை மாற்றுவதற்காகப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுக்களில் எழுதி, விற்பனைத் தம்பி எனக்கு அனுப்பியிருந்ததையெல்லாம் அவரிடம் படித்துக் காட்டினேன். எல்லாமே பாராட்டு. கடைசி அத்தியாயத்தில் செம்பி கீழேயே தங்கிவிடுகிறாள். ஒருவர் உள்ளே நின்று கதவைப் பிடித்திருந்தால்தான் ஆறு மேலே வர முடியும். அவள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஆறு ஊருக்குப் போகிறது. அதைப் படித்து அழுதோம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். எனக்கும் முதல்முறை படித்தபோது கண் கலங்கியது.

மெஹர் முகம் தெளியவில்லை. கைப்பேசியைத் திறந்து ஒரு செய்தியைக் காட்டினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ரேவதி அனுப்பியது. "அக்கா படிச்சிட்டேன். செம்பி கீழயே இருந்துட்டா. நல்ல முடிவு. நானும் அப்டித்தான் போறேன்."

"இத பாத்ததுலருந்து எனக்கு மனசே சரியில்ல" என்றார். "நான் இன்னா எழுதியிருக்கேன் பாருங்க மேடம். ஒரு பொண்ணு தன்னோடத எல்லாம் வுட்டுட்டு உள்ள போயி நின்னாதான் ஊருக்குத் தண்ணி வரும்னு எழுதியிருக்கேன். கேக்க நல்லாருக்கு. எல்லாரும் அழுவுறாங்க. அதான் பேஜாரா இருக்கு. நான் மறுபடி எழுதணும்."

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் தடுமாறுவீர்கள். ஒரு பிரதியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எழுதியவர் மட்டும் சரியில்லை என்கிறார். எழுத்தாளர்களுக்குக் கடைசி நேரத்தில் பயம் வருவது சகஜம். பயமா, உண்மையாகவே ஏதோ தெரிந்துவிட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "செம்பி மேல வந்துட்டா ஆறு வருமா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தார். "தெரியல மேடம். எழுதினாதான் தெரியும்."

வரும் என்று சட்டென்று சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். அது ஒரு கருத்தைச் சொல்வதற்காக முடிவைப் புரட்டிப் போடுவதாக இருந்திருக்கும். தெரியாது என்றதால் அவர் மறுபடி கதைக்குள் போகத் தயாராகிவிட்டார் என்று புரிந்தது. காட்பாடியில் இறங்கியதும் பதிப்பாளரை அழைத்தேன்.

"வெளியில சுத்துறது வரைவு சார். கடைக்கு வரப்போறது வேற. முடிவு மாறுது" என்றேன்.

அவர் போனை விற்பனைத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி விஷயத்தை உடனே பிடித்துக்கொண்டார். "முடிவு வேறன்னு சொன்னா ஏற்கெனவே படிச்ச பசங்கதான் மேடம் மொதல்ல வாங்குவாங்க." புகார் பேச்சு அன்றோடு நின்றது. மெஹருக்குக் கெடு கொடுத்தார்கள். கோடை முடிந்து பள்ளிகள் திறப்பதற்கு முன்னால் பிரதி கைக்கு வந்துவிட வேண்டும்.

எழுதுவது எளிதாக இல்லை. அந்தச் சமயம் பார்த்து கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் வந்து ஓவர்டைம் ஓடியது. அதோடு, இந்தத் தடவை யாருக்கும் படித்துக் காட்டக் கூடாது என்று மெஹர் தீர்மானித்திருந்தார். மறுபடி கசிந்தால் பதிப்பகம் தாங்காது என்று பயம். பஸ்ஸில் ஏறியதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்.

முதலில் ஒரு முடிவு எழுதி அனுப்பினார். செம்பி உப்புக்காவலர்களோடு சண்டை போட்டு ஜெயிக்கிறாள். ஆறு அவள் பின்னாலேயே வருகிறது. ஊரே கூடி ஆரவாரம் செய்கிறது. நான் அவருக்கு எழுதினேன்: "மெஹர், இதை நீங்களே நம்பவில்லை." உடனே பதில் வந்தது: "ஆமா மேடம். எனக்கே கொட்டாவி வந்துச்சு." அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

பதிப்பகத்திலிருந்து விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் மெஹரை விரட்டவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறிப் போனேன். அவருடைய அம்மா பிரியாணி போட்டார். நாவலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மெஹரே ஆரம்பித்தார்.

"பஸ்ஸுல பொண்ணுங்க என்கிட்ட பேசறதில்ல மேடம். நேத்து ஒருத்தி நேரா கேட்டுட்டா. லீக் பண்ணது நாங்க இல்ல, எங்களுக்கு இன்னாத்துக்குத் தண்டனைன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது. அவ சொன்னது கரெக்டு."

"எழுத வருதா?"

"வரல. யாருக்குப் படிக்கப் போறேன்னு தெரியாம எப்டி எழுதறது?"

"அப்ப படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"மறுபடி வெளிய போயிட்டா?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. போனால் பதிப்பாளருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கசியாத ஒரு மோசமான புத்தகத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம். "போனா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதுகாப்பு, புத்தகம் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை இந்தத் தொழிலில் உங்களுக்கும் வரும். நான் எடுத்தது சரியா என்று எனக்கு அப்போது தெரியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் மெஹர் ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "எழுத வரல. எங்க நிக்குதுன்னு படிக்கிறேன், கேளுங்க" என்று சொல்லி, செம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் வரை படித்தார். பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஒருத்தர் கதவ புடிச்சே ஆவணும்னு யாரு அக்கா சொன்னது?"

மெஹர் அன்றைக்கு அத்தோடு படிப்பதை நிறுத்தினார். வீட்டுக்குப் போய் முதல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். உப்புக்காவலர்களைத் தவிர வேறு யாருமே அப்படிச் சொல்லியிருக்கவில்லை. தானே எழுதிய பொய்யை இத்தனை வருடமாகத் தானே நம்பிக்கொண்டிருந்ததாக என்னிடம் சொல்லிச் சிரித்தார். அதன்பிறகு எழுத்து நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் எழுதியதை அன்றே பஸ்ஸில் படித்தார். பெண்கள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வரிகூட வெளியே போகவில்லை. இதற்காக அவர்களை யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

புதிய முடிவு எனக்கு ஒரு விடியற்காலையில் வந்தது. செம்பி கதவிலிருந்து கையை எடுக்கிறாள். கதவு மூடவில்லை. வாசலில் விட்ட சிரிப்பைத் திருப்பிக் கேட்கிறாள். கதவு தர மறுக்கிறது. அது இல்லாமலேயே மேலே ஏறி வருகிறாள். ஆறு பொங்கிக்கொண்டெல்லாம் வரவில்லை. மணலில் ஈரம் கசிகிறது. அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் யாரும் இன்னும் பார்க்கவில்லை. சிரிக்க முடியாத ஒரு பெண் கால் நனைந்து நின்றுகொண்டிருக்கிறாள். படித்துவிட்டுக் காபி போடப் போனேன். பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். எத்தனையோ புத்தகங்களைப் பார்த்தவள் நான். பாராட்டு முழுவதும் கையில் இருக்கும்போது அதைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் கடினமான ஒன்றைத் தேடிப்போன எழுத்தாளர்களை அதிகம் பார்த்ததில்லை.

இத்தோடு முடித்திருந்தால் அழகான கதையாக இருந்திருக்கும். ஆனால் மெஹர், "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ரேவதி இத ஒருக்கா பாக்கணும்" என்றார். அவளுடைய எண் மாறியிருந்தது. தங்கையிடம் கேட்டுப் பிடித்தார். பிழை திருத்திய கடைசி அச்சுப் படிகளைக் கொடுக்க நாங்கள் இருவரும் சென்னைக்குப் போகும் வழியில் அரக்கோணத்தில் இறங்கினோம்.

ரேவதி நடைமேடை பெஞ்சில் காத்திருந்தாள். பூசினாற்போல் உடம்பு வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். கையில் ஒரு டிபன் பாக்ஸ். மாமியாரைப் பார்த்ததும் மெஹரின் நடை கொஞ்சம் தளர்ந்தது. நாம் பேச வந்ததை இவர் முன்னால் எப்படிப் பேசுவது என்று எனக்கும் யோசனைதான்.

"நீதான் அந்தக் கதை எழுதற பொண்ணா" என்றார் அந்த அம்மா. "ஒக்காரு. கேசரி கிண்டிக்கினு வந்தேன். இவ தெனம் பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கதைய சொல்லுவா. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

மெஹர் கடைசி அத்தியாயத்தின் தாள்களை ரேவதியிடம் கொடுத்தார். அவள் படித்தாள். இரண்டு ரயில்கள் வந்து போயின. மெஹர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி ஆறிப் போனது.

ரேவதி தாள்களைச் சேர்த்து மடியில் வைத்தாள். "கோச்சிக்காதீங்க அக்கா. எனக்கு இது புடிக்கல."

"எது புடிக்கல?" என்றார் மெஹர்.

"செம்பி எதுக்கு அக்கா மேல வர்றா?"

"அவள அங்கயே வுட்டுட்டு வர எனக்கு மனசு வரல" என்றார் மெஹர் மெதுவாக. "நீ ஒரு மெசேஜ் அனுப்புன இல்ல. நானும் அப்டித்தான் போறேன்னு. அத பாத்துட்டுதான்..."

ரேவதி புரியாமல் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அதுவா. அத ஜாலியா சொன்னேன் அக்கா. எங்க வூட்ல எனக்கு எவ்ளோ வேலைன்னு உங்களுக்குத் தெரியாதா? காலைல ஷிஃப்டு, வந்தா அடுப்பு, தம்பிக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு. ரேவதி ரேவதின்னு நாள் பூரா கூப்புடுவாங்க. கீழ போயிட்டா செம்பிய யாரும் கூப்புட மாட்டாங்க இல்ல? நானும் அந்த மாதிரி போறேன்னு சொன்னேன். இங்க நாங்க ரெண்டு பேரும் வேலைய பாதி பாதி பண்ணிட்டு டிவி பாக்கறோம்."

"நான் கேக்கறேன்" என்று மாமியார் நடுவில் வந்தார். "அந்தப் பொண்ணு மேல வந்து இன்னா ஆவப்போவுது? தண்ணி வந்தா கொடம் எடுத்துக்கினு நிக்கப்போறது யாரு, அவதானே? கீழயே ராணி கணக்கா இருந்திருக்கலாம். நானா இருந்தா வந்திருக்க மாட்டேன்."

மெஹர் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறிப்போன கேசரியை எடுத்துச் சாப்பிட்டார். மூவரும் செம்பி செய்தது சரியா தப்பா என்று எங்கள் ரயில் வரும்வரை வாதாடினார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ரயில் கிளம்பும்போது ரேவதி ஜன்னல் பக்கம் வந்து, "புக்கு வந்தா எனக்கு ஒண்ணு அனுப்புங்க. புடிக்கலன்னாலும் வெச்சிப்பேன்" என்றாள். கசிந்த விஷயத்தை மெஹர் அவளிடம் கடைசி வரை சொல்லவே இல்லை.

ரயிலில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "மெஹர், இன்னும் அச்சுக்குப் போகல. பழைய முடிவு வேணும்னா இப்பவே சொல்லுங்க." அவர் சரி என்றால் பதிப்பாளரின் முன்னால் எப்படி நிற்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கேட்டேன். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். தன் மனதுக்கு நெருக்கமான வாசகி பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகு, எழுதியவருக்கு முடிவெடுக்க ஒரு வாய்ப்பு தந்தாக வேண்டும்.

திருவள்ளூர் வரும்வரை அவர் அந்தத் தாள்களை மறுபடி படித்தார்.

"வேணாம் மேடம். அவ சொன்னத நான் தப்பா புரிஞ்சிக்கினேன். ஆனா கதைய சரியா எழுதிட்டேன். அவளுக்குப் புடிச்சது வேற கதை. அதுவும் நல்ல கதைதான். நான் இன்னும் எழுதல, அவ்ளோதான்."

வாசகர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் எழுத்தாளர்கள் உண்டு. யார் சொன்னாலும் மாற்றாதவர்களும் உண்டு. ஒரே ரயில் பயணத்தில் இரண்டையும் செய்தவரை அன்றுதான் பார்த்தேன். அவருக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ரேவதிக்குப் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே எழுதினார். ஆனால் அந்த வருத்தம் புத்தகத்தின் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.

படிகளைக் கொடுத்தோம். பதிப்பாளர் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அச்சுக்குப் போயிற்று.

திரும்பி வரும்போது மெஹர் கைப்பேசியில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். நிமிராமலேயே, "மேடம், ரேவதி மாமியாருக்கு வயசு இன்னா இருக்கும்?" என்றார்.

"அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும். ஏன்?"

"கீழ போயிட்டு, திரும்பி வரவே மாட்டேன்னு சொல்ற ஒரு பொம்பள. அவதான் ஹீரோயின்" என்றார். "ஒம்பதாங்கிளாஸ் பசங்க படிப்பாங்க இல்ல?"

படிப்பார்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் விற்பனைப் பிரிவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் புத்தகம் கடைக்கு வரும்வரை நீங்களும் சொல்ல வேண்டாம்.